நடந்து போகும் தூரத்தில் நீச்சல் குளம்



சாலைத் தெருவில் கடையை அடைத்துவிட்டு நேராக இங்கே வந்திருக்கும் வணிகர்களே, கரமனையிலிருந்தும் வலியசாலையிலிருந்தும் கோட்டையிலிருந்தும் வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் பெரியவர்களே, பிள்ளைகளையும் கையோடு அழைத்து வந்திருக்கும் தாய்மார்களே! நம் திருவனந்தபுரம் வளர்கிறது. வளர்கிற நகரத்துக்குச் சாலை வேண்டும், பாலம் வேண்டும், குடிநீர் வேண்டும் என்று எல்லோரும் பேசுகிறோம். நீந்த இடம் வேண்டும், ஓடியாட இடம் வேண்டும் என்று பேசுகிறோமா? அதைத்தான் இன்று பேச வந்திருக்கிறேன். புதிதாகப் பொது நீச்சல் குளங்கள் கட்டினால் எங்கே கட்டுவது, எவ்வளவு பெரிதாகக் கட்டுவது, யாருக்காகக் கட்டுவது? இந்த மூன்று கேள்விகளில் கடைசிக் கேள்விக்கு முதலில் விடை சொல்லிவிட்டால் மற்ற இரண்டும் தாமாகவே தெளிந்துவிடும் என்பது என் நம்பிக்கை.

நகரம் எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்று கொஞ்சம் பாருங்கள். 1940-இல் மாநகராட்சியாக உயர்ந்த ஊர் இது. 2010-இல் ஸ்ரீகாரியம், கழக்கூட்டம், விழிஞ்ஞம், குடப்பனக்குன்னு, வட்டியூர்க்காவு ஆகிய ஐந்து பஞ்சாயத்துகளும் இதனோடு சேர்ந்தன. ஏறக்குறைய 142 சதுர கிலோமீட்டராக இருந்த நகரம் 215 சதுர கிலோமீட்டராக விரிந்தது. வடக்கே 1990-இல் டெக்னோபார்க் வந்தது. கழக்கூட்டமே ஒரு தனி நகரம்போல் ஆகிவிட்டது. தெற்கே 2025 மே 2-ஆம் தேதி விழிஞ்ஞம் துறைமுகம் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. வேலை வருகிறது, வேலைக்கு வருகிறவர்கள் வருகிறார்கள், அடுக்குமாடிகள் எழுகின்றன. அந்த அடுக்குமாடிகளின் விளம்பரங்களில் முதலில் எதைப் போடுகிறார்கள்? நீலத் தண்ணீர் மின்னும் நீச்சல் குளத்தின் படத்தை! ஆக, நீச்சல் குளம் நல்லது என்று எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. மதிலுக்குள்ளே இருப்பவருக்கு அது கிடைக்கிறது. மதிலுக்கு வெளியே?

இந்த ஊருக்கு நீச்சல் புதிதா? பத்மதீர்த்தம் இருக்கிறது, மித்ரானந்தபுரம் குளம் இருக்கிறது, ஸ்ரீவராகம் குளம் இருக்கிறது. கரமனையாறும் கிள்ளியாறும் ஊருக்குள்ளேயே ஓடுகின்றன. இரண்டின் கரைகளிலும் கடவுகள் இருந்தன. விடியற்காலையில் குளத்துக்குப் போவது அன்றாட வேலை. அங்கேதான் குளியல், அங்கேதான் துவைப்பு, அங்கேதான் ஊர் வம்பு, அங்கேதான் நீச்சல். யாரும் பாடம் நடத்தவில்லை. இடுப்பில் துண்டைக் கட்டி மாமா தண்ணீரில் தூக்கிப் போடுவார். அக்கா தாடையைத் தாங்கிப் பிடிப்பாள். ஒரு கோடை கழிவதற்குள் பிள்ளை அக்கரைக்குப் போய்த் திரும்பிவிடும். பெண்களுக்குத் தனிப் படித்துறை இருந்தது. அதனால் பெண்களும் நீந்தினார்கள். அந்தத் தலைமுறைப் பாட்டிமார் பலர் இந்த அரங்கிலேயே இருக்கிறீர்கள். உங்களைக் கேட்கிறேன்: உங்களுக்கு நீச்சல் தெரியும். உங்கள் பேத்திக்குத் தெரியுமா?

தெரியாது. ஏன்? வீட்டுக்குள் குளியலறை வந்தது. அது நல்லதுதான், அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் குளத்துக்குப் போகிற பழக்கம் நின்றது. போகிறவர் இல்லாத குளத்தைப் பார்க்கிறவர் இல்லை. பார்க்கிறவர் இல்லாத குளத்தில் சாக்கடை சேர்ந்தது. ஆற்றிலும் அப்படியே. குளியலறை வந்த வேகத்தில் நீச்சலைக் கற்றுத் தருகிற வேறோர் ஏற்பாடு வரவில்லை. கடலும் காயலும் ஆறும் சூழ்ந்த ஊரில், தண்ணீரைக் கண்டு அஞ்சும் ஒரு தலைமுறையை வளர்த்துவிட்டோம்.

இது பொழுதுபோக்கைப் பற்றிய பேச்சு என்று நினைத்துவிடாதீர்கள். 2002 ஜூலை 27: முகம்மாவிலிருந்து குமரகம் போன படகு வேம்பநாட்டுக் காயலில் மூழ்கியது; 29 உயிர்கள். 2009 செப்டம்பர் 30: தேக்கடியில் சுற்றுலாப் படகு கவிழ்ந்தது, 45 உயிர்கள். 2023 மே 7: தானூர்; 22 உயிர்கள், அதில் குழந்தைகள் எத்தனை! ஒவ்வொரு முறையும் படகின் தகுதி, ஏற்றிய கூட்டம், உயிர்காக்கும் உடுப்பு என்று விசாரித்தோம், விசாரிக்கத்தான் வேண்டும். ஒவ்வொரு முறையும் பள்ளியில் நீச்சல் கற்றுத் தர வேண்டும் என்றும் பேசினோம். பேசிவிட்டு, பிள்ளைகள் எந்தத் தண்ணீரில் கற்பார்கள் என்று கேட்க மறந்தோம். 2021-இல் மட்டும் உலகெங்கும் சுமார் 3 லட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது.

சரி, நம்மிடம் பொதுக் குளங்களே இல்லையா? இருக்கின்றன. வெள்ளயம்பலத்தில் வாட்டர் வொர்க்ஸ் நீச்சல் குளம் இருக்கிறது. அதற்குப் பக்கத்திலேயே ஜிம்மி ஜார்ஜ் அரங்க வளாகத்திலும் நீச்சல் குளம் இருக்கிறது. அந்த அரங்கம் 1987 தேசிய விளையாட்டுப் போட்டிக்காக எழுந்தது. 2015-இல் முப்பத்தைந்தாவது தேசிய விளையாட்டுப் போட்டி கேரளத்துக்கு வந்தபோது, பிரப்பன்கோட்டில் சர்வதேசத் தரத்தில் பெரிய நீச்சல் வளாகம் கட்டினார்கள். அந்தத் தண்ணீரில்தான் நீச்சல் வீரர் சாஜன் பிரகாஷ் ஆறு தங்கமும் மூன்று வெள்ளியும் வென்றார். நாடே நிமிர்ந்து பார்த்தது. நாமும் கைதட்டினோம். பெருமைதான், சந்தேகமில்லை.

ஆனால் ஒரு கேள்வி. அது எத்தனை தூரம்? பிரப்பன்கோடு எம்.சி. ரோட்டில், வெஞ்ஞாறமூட்டுக்கு அருகே, இருபது கிலோமீட்டருக்கும் அப்பால். பூந்துறையில் இருக்கும் பத்து வயதுப் பிள்ளைக்கு அது எத்தனை தூரம்? வெள்ளயம்பலத்தில் இரண்டு குளங்கள் ஒரே வட்டாரத்தில் இருக்கின்றன. விழிஞ்ஞத்துப் பிள்ளைக்கு அது எத்தனை தூரம்? ஸ்ரீகாரியத்தில் பள்ளி விட்டு நாலரை மணிக்கு வெளியே வரும் சிறுமிக்கு, பஸ் பிடித்து, நெரிசலில் நின்று, நீந்தி முடித்து, தலை துவட்டி, இருட்டுவதற்குள் வீடு திரும்ப அது எத்தனை தூரம்?

சாஜன் பிரகாஷ் எங்கே நீந்தக் கற்றார் தெரியுமா? அவர் இடுக்கியில் பிறந்தவர். தாயார் ஓட்டப் பந்தய வீராங்கனை. நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனத்தில் வேலை. பிள்ளை வளர்ந்தது நம் தமிழ்நாட்டு நெய்வேலி நகரியத்தில். அங்கே தொழிலாளர் குடும்பங்களுக்கென்று அமைந்த நகரியத்துக்குள்ளேயே நீச்சல் குளம் இருந்தது. அந்தப் பிள்ளைதான் ரியோ ஒலிம்பிக்குக்குப் போனான். 2021 ஜூனில் ரோம் நகரில் 200 மீட்டர் பட்டர்ஃபிளை பந்தயத்தை 1 நிமிடம் 56.38 வினாடியில் முடித்து, ஒலிம்பிக்குக்கு நேரடித் தகுதி பெற்ற முதல் இந்திய நீச்சல் வீரனாக டோக்கியோவுக்குப் போனான். வென்ற இடம் பிரப்பன்கோடாக இருக்கலாம், ரோமாக இருக்கலாம். கற்ற இடம் வீட்டுக்குப் பக்கத்தில் இருந்தது! பிரப்பன்கோடும் இதே பாடத்தைத்தான் சொல்கிறது. பெரிய வளாகம் வருவதற்கு முன்பே அது நீச்சலுக்குப் பேர் போன ஊர். ஊர்க் குளத்தில் பழகியவர்களால் வந்த பேர் அது.

ஆகவே என் கோரிக்கையை இப்போதே சொல்லிவிடுகிறேன். இன்னொரு பெரிய வளாகம் வேண்டாம். சிறிய குளங்கள் வேண்டும், பல வேண்டும், பள்ளிகளை ஒட்டி வேண்டும். பந்தயக் குளம் ஐம்பது மீட்டர் நீளம், இருபத்தைந்து மீட்டர் அகலம். இரண்டு மீட்டர் ஆழம் வைத்தாலே 25 லட்சம் லிட்டர் தண்ணீர் பிடிக்கும். எட்டு வயதுப் பிள்ளை அதில் கால் ஊன்றவே முடியாது. கற்றுக்கொள்கிற குளத்துக்கு அதில் பாதி நீளம், பாதி அகலம் போதும். சராசரி ஆழம் நாலடி. கொள்வது 3 லட்சத்து 75 ஆயிரம் லிட்டர். ஒரு பெரிய குளத்தின் தண்ணீரில் ஆறு சிறிய குளங்கள் நிரம்பிவிடும். ஒரு வேளைக்கு இருபது பிள்ளைகள், நாளைக்கு ஆறு வேளை, ஒரு நாள் விட்டு ஒரு நாள் முறை என்று வைத்தால், ஒரு குளத்தில் ஒரே சமயத்தில் 240 பிள்ளைகள் பழகலாம். இரண்டு மாதப் பாடம், வருஷத்துக்கு ஐந்து தடவை என்று வையுங்கள்: 1,200 பிள்ளைகள். பத்துக் குளங்கள் என்றால் 12,000 பிள்ளைகள், ஒவ்வோர் ஆண்டும்!

“குடிக்கவே தண்ணீர் இல்லை, நீச்சல் குளத்துக்கு எங்கே போவது?” என்று ஒரு குரல் வரும். நியாயமான குரல். 2024 செப்டம்பரில் குழாய் மாற்றும் வேலை இழுத்துப்போய், நகரத்தின் பல வார்டுகளில் நாட்கணக்கில் குழாயில் சொட்டுத் தண்ணீர் இல்லை. பள்ளிகளுக்கு விடுமுறை விட்டார்கள். அந்த வாரம் குடத்தோடு நின்றவர்கள் இங்கே இருக்கிறீர்கள். உங்களுக்குக் கணக்கோடு பதில் சொல்ல வேண்டும். ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்ற அளவுப்படி, சிறிய குளத்தை நிரப்பும் தண்ணீர் சுமார் 2,800 பேரின் ஒரு நாள் தேவை. அதை ஒரு தடவை நிரப்புகிறோம். பிறகு அதே தண்ணீர் மணல் வடிகட்டி வழியாகச் சுற்றிச் சுற்றி வருகிறது. நல்ல வெயில் நாளில் ஆவியாகிப் போவது 2,000 லிட்டருக்குள். வடிகட்டியைக் கழுவ இன்னும் கொஞ்சம். இரண்டு பருவமழை பெய்யும் ஊர் இது. பள்ளிக்கூடக் கூரையில் விழும் மழையைத் தொட்டியில் பிடித்தால் ஆண்டில் பாதிக்கு குழாயில் வரும் அருவிக்கரைத் தண்ணீரைத் தொட வேண்டியதில்லை.

இன்னொரு குரலும் வரும். அது அச்சத்தின் குரல். அமீபா மூளைக்காய்ச்சல். 2024-இல் நெய்யாற்றின்கரைப் பக்கம் ஒரு குளத்தில் குளித்த இளைஞர்களுக்கு அது வந்தது. 2025 செப்டம்பரில் ஆக்குளம் சுற்றுலா கிராமத்து நீச்சல் குளத்தில் குளித்த ஒரு மாணவருக்கு நோய் உறுதியானதும் அந்தக் குளத்தை மூடினார்கள். பெற்றோர் நடுங்கினார்கள், நடுங்காமல் எப்படி இருப்பார்கள்? அந்த அச்சத்தைத் தட்டிக்கழிக்க யாருக்கும் உரிமையில்லை. ஆனால் நோயின் வழியைத் தெரிந்துகொள்வோம். இந்த அமீபா வெதுவெதுப்பான நன்னீரில் வாழ்கிறது. குடித்தால் வராது, மூக்கு வழியாக ஏறினால் வரும். முறையாக வடிகட்டி, குளோரின் அளவைக் குறையாமல் காத்தால் அது பிழைக்காது. நீச்சல் குளத் தண்ணீர் எப்படி இருக்க வேண்டும் என்று இந்தியத் தர நிர்ணயமே ஐ.எஸ். 3328 என்று ஒன்று இருக்கிறது. ஆக, அச்சம் சொல்வது என்ன? குளத்தை மூடு என்றா சொல்கிறது? குளத்தை மூடினால் பிள்ளைகள் வீட்டிலா இருப்பார்கள்? கோடை விடுமுறையில் பாறைக்குழிக்கும் பாசி படிந்த குட்டைக்கும் போவார்கள். அங்கே குளோரினும் இல்லை, பார்த்துக்கொள்ள ஆளும் இல்லை. காலையும் மாலையும் தண்ணீரைச் சோதித்து, அளவைச் சுண்ணாம்புக் கட்டியால் வாசல் பலகையில் எழுதி வைக்கிற பொதுக் குளம்தான் அந்த அச்சத்துக்கு மருந்து. பலகையில் அன்றைய எண் இல்லையா? பிள்ளையை இறக்காதீர்கள். அந்த உரிமை ஒவ்வொரு தாய்க்கும் இருக்க வேண்டும்.

பணம் இல்லையே என்பவர்களுக்கு வங்கதேசத்தைக் காட்டுகிறேன். குழந்தைகள் குட்டைகளில் மூழ்கி இறப்பது அங்கே பெருந்துயரம். அவர்கள் கண்ணாடிக் கூரை போட்ட வளாகங்களுக்குக் காத்திருக்கவில்லை. ஊர்க் குளத்துக்குள் மூங்கிலால் மேடை கட்டி, சுற்றிலும் மூங்கில் வேலி அடைத்து, அந்த ஊர் இளைஞர்களையே பயிற்றுநர்களாக்கி, நாலு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்குக் கற்றுக் கொடுத்தார்கள். கற்ற பிள்ளைகளிடையே மூழ்கி இறப்பது 90 விழுக்காட்டுக்கு மேல் குறைந்தது என்று ஆய்வு சொன்னது. மூங்கில்! நம் நீரில் இன்று அமீபா பயம் இருப்பதால் அதை அப்படியே இங்கே செய்யச் சொல்ல மாட்டேன். ஆனால் எதை முதலில் வைக்க வேண்டும் என்பதை அவர்களிடம் கற்கலாம். அவர்கள் பிள்ளையை முதலில் வைத்தார்கள்; கட்டடத்தைப் பிறகு யோசித்தார்கள்.

சிங்கப்பூருக்கும் வாருங்கள், நம்மவர்கள் அங்கே நிறைய. 1931-இல் அங்கே முதல் பொது நீச்சல் குளத்தை மவுண்ட் எமிலி குன்றில் திறந்தார்கள். அது புதிதாகத் தோண்டிய குளமல்ல; பழைய குடிநீர்த் தேக்கத் தொட்டியைத்தான் நீச்சல் குளமாக மாற்றினார்கள். 1973-இல் தென்கிழக்காசியத் தீபகற்ப விளையாட்டுப் போட்டிக்கு ஒரு பெரிய நீச்சல் வளாகம் தேவைப்பட்டது. அதை ஊருக்கு வெளியே கொண்டு போகவில்லை. தோ பாயோ அடுக்குமாடிக் குடியிருப்புகளின் நடுவே கட்டினார்கள். போட்டி முடிந்த மறுநாளும் அந்தக் குளத்துக்கு ஆள் இருந்தது. போட்டிக்காகக் கட்டினாலும், போட்டி முடிந்த மறுநாளை நினைத்துக் கட்ட வேண்டும்.

இப்போது முதலில் சொன்ன கடைசிக் கேள்விக்கு வருகிறேன். யாருக்காக?

வெள்ளயம்பலத்தில் நீச்சல் குளங்களுக்குச் சற்றுத் தள்ளி யார் சிலை நிற்கிறது? மகாத்மா அய்யங்காளியின் சிலை. 1893-இல் வில்லுவண்டியில் ஏறி, பொதுத் தெருவில் தன் மக்களும் போகலாம் என்று ஓட்டிக் காட்டியவர். தெருவில் நடக்கவும் குளத்தில் இறங்கவும் சாதி குறுக்கே நின்ற மண் இது. திருவிதாங்கூரில் கோயில் கதவு எல்லோருக்கும் திறந்தது 1936 நவம்பர் 12-ஆம் தேதிதான். மகாராஷ்டிரத்தில் ஒரு பொதுக் குளத்தின் தண்ணீரைக் கையில் அள்ளிக் குடிக்க அம்பேத்கர் 1927-இல் மகாடில் ஆயிரக்கணக்கானோரைத் திரட்ட வேண்டியிருந்தது. அமெரிக்காவிலும் இதே கதைதான். மிசிசிப்பி மாநிலத்து ஜாக்சன் நகரம், கறுப்பரும் வெள்ளையரும் ஒரே தண்ணீரில் இறங்க வேண்டும் என்ற நிலை வந்ததும், பொதுக் குளங்களையே மூடிவிட்டது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 1971-இல் தீர்ப்பு நகரத்தின் பக்கம்! ஒரே தண்ணீரில் எல்லோரும் இறங்குவது அத்தனை பெரிய காரியம்.

இன்று யாரும் சாதி கேட்டு வாசலில் நிறுத்துவதில்லை. கட்டணம் நிறுத்துகிறது. முன்பணம் நிறுத்துகிறது. இன்ன துணியில் தைத்த நீச்சல் உடை இருந்தால்தான் உள்ளே என்ற விதி நிறுத்துகிறது. கரிமடம் குடியிருப்பிலிருந்து வரும் பிள்ளை அந்த உடைக்கு எங்கே போகும்? சுகாதாரத்துக்கு அந்த உடை வேண்டும்தான். அப்படியானால் பாடப் புத்தகம்போல, சீருடைபோல, அதையும் பள்ளியே கொடுக்கட்டும். பதினான்கு வயது வரை கட்டணமே கூடாது. நீச்சல் குளத்தை விளையாட்டுத் துறையின் காட்சிப் பொருளாக வைக்காமல் பள்ளிக்கூடத்தின் ஒரு வகுப்பறையாகக் கருதினால் இந்தக் கேள்வியே எழாது. வகுப்பறைக்கு யாராவது நுழைவுச் சீட்டு வாங்குகிறார்களா?

பெண்களைப் பற்றி ஒரு சொல். மாலையில் ஒரு மணி நேரத்தை “மகளிர் நேரம்” என்று ஒதுக்கினால் போதும் என்று நினைக்கிறார்கள். போதாது. பயிற்றுநரும் லைஃப்கார்டும் பெண்களாக இருக்க வேண்டும். பக்கத்து மாடியிலிருந்து பார்வை விழாத சுவர் வேண்டும். தாழ்ப்பாள் உள்ள, வெளிச்சம் உள்ள உடை மாற்றும் அறை வேண்டும். நம் பழைய குளங்களைக் கட்டியவர்களுக்கு இது தெரிந்திருந்தது. பெண்களின் படித்துறையைத் தனியே ஒதுக்கி அமைத்தார்கள். இன்றைய வரைபடத்தில் உடை மாற்றும் அறை கடைசியாக, மிச்சமான மூலையில் வருகிறது. அதை முதலில் வரையுங்கள் என்று பொறியாளர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

யார் கற்றுக் கொடுப்பது? இதற்கு நாம் தேடி அலைய வேண்டாம். பூந்துறை, வலியதுறை, விழிஞ்ஞம், புல்லுவிளை! 2018 வெள்ளத்தில் தங்கள் வள்ளங்களை லாரியில் ஏற்றிக்கொண்டு, யாரும் கூப்பிடுவதற்கு முன்பே பத்தனம்திட்டைக்கும் ஆலப்புழைக்கும் போய், கூரைமேல் நின்றவர்களை இறக்கி வந்த கடலின் மக்கள் இவர்கள். அதற்கு முந்தைய ஆண்டு நவம்பரில்தான் ஒக்கிப் புயல் அவர்கள் வீடுகளில் விளக்கை அணைத்திருந்தது. கோவளத்திலும் சங்குமுகத்திலும் லைஃப்கார்டுகளாக நிற்பவர்கள் பெரும்பாலும் அந்தக் கரையின் பிள்ளைகள்தான். 2019 ஆகஸ்டில் சங்குமுகத்தில் கடலில் விழுந்த ஒரு பெண்ணைக் காப்பாற்றக் குதித்த லைஃப்கார்டு ஒருவர், அவளைக் கரை சேர்த்துவிட்டுத் தன் உயிரை விட்டார். அவர்கள் தினக்கூலிக்கு நிற்கிறவர்கள் என்று அன்று பலருக்கும் முதல் முறையாகத் தெரிந்தது. நகரமெங்கும் சிறிய குளங்கள் வந்தால், அந்தக் கரை இளைஞர்களுக்கும் பெண்களுக்கும் பயிற்சி தந்து, சான்றிதழ் தந்து, மாதச் சம்பளத்தில் அமர்த்துங்கள். கடல் அவர்களுக்குக் கற்றுக் கொடுத்ததை அவர்கள் நகரத்துக்குக் கற்றுக் கொடுக்கட்டும்.

நீச்சலோடு திறந்த வெளியையும் சேர்த்தே யோசிக்க வேண்டும். தினமும் காலையில் மியூசியம் வளாகத்துக்குப் போய்ப் பாருங்கள். நீதிபதியும் நடக்கிறார், ஆட்டோ ஓட்டுபவரும் நடக்கிறார். 1850-களில் ஒதுக்கிய நிலம் அது! நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாக ஊருக்கு மூச்சு விட இடம் தருகிறது. கழக்கூட்டத்துக்கு அப்படி ஓர் இடத்தை நாம் ஒதுக்கினோமா? வட்டியூர்க்காவுக்கு? விழிஞ்ஞத்துக்கு? சங்குமுகம் கடற்கரையும் ஊரின் முற்றமாக இருந்தது. கடல் ஏறி ஏறி மணலைத் தின்று, 2021 மே மாதம் கடற்கரைச் சாலையையே பிளந்துவிட்டது. இருக்கிற திடல் குறைகிறது, மக்கள் கூடுகிறார்கள். நிலம் இன்று கையில் இருக்கும்போதே ஒதுக்கிவிட வேண்டும். ஐந்து வருஷம் கழித்து அந்த நிலம் யார் பெயரில் இருக்குமோ!

கடைசியாக, பராமரிப்பு. குளம் கட்டும் செலவு ஒரு தடவை வருவது. மோட்டார் ஓட்டும் மின்சாரம், குளோரின், வடிகட்டி மணல், ஊழியர் சம்பளம் மாதா மாதம் வருவது. திறப்பு விழாவில் பேர் பொறித்த கல் இருக்கும். மூன்றாம் வருஷம் பம்பு பழுதானால் பேர் சொல்ல ஆள் இருக்காது. ஆகவே பத்து வருஷத்துக்கு நடத்தும் செலவை ஒதுக்காமல் ஒரு குளத்துக்கும் அடிக்கல் நாட்டக் கூடாது என்று நாம் கேட்க வேண்டும்.

எங்கே கேட்பது? இந்த மாநிலத்தில் 1996-இல் மக்கள் திட்டம் தொடங்கியது முதல், திட்டப் பணத்தில் கணிசமான பங்கு உள்ளாட்சிகளின் கைக்கு வருகிறது. அதை எதற்குச் செலவிடலாம் என்று சொல்ல வார்டு சபை இருக்கிறது. அங்கே பெரும்பாலும் தெரு விளக்கையும் ஓடையையும் பேசிவிட்டு எழுந்து வருகிறோம். அடுத்த வார்டு சபைக்குப் போகும்போது பக்கத்து அரசுப் பள்ளியின் தலைமையாசிரியரையும் அழைத்துப் போங்கள். பள்ளிக்குப் பின்னால் சும்மா கிடக்கும் இடத்தின் அளவைக் கையில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இருபத்தைந்து மீட்டர் நீளக் குளம் ஒன்று, பெண் பயிற்றுநர் ஒருவர், பத்து வருஷப் பராமரிப்புப் பணம் என்று எழுதிக் கொடுங்கள். கவுன்சிலர் கேள்வி கேட்டால், இன்று இந்த அரங்கில் கேட்ட தண்ணீர்க் கணக்கை அவருக்கும் சொல்லுங்கள். அதைத் தீர்மானப் புத்தகத்தில் பதிவு செய்த பிறகே கையெழுத்துப் போடுங்கள்.